பச்சைதானே என்று ஊற்றிய கூலன்ட்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

பழைய கார் வாங்குகிறவர்கள் டயரையும் எஞ்சின் சத்தத்தையும் கவனிக்கும் அளவுக்கு, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் தொட்டியைக் கவனிப்பதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். நான் வாங்கிய பெட்ரோல் காரில், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தொட்டியின் மூடியைத் திறந்தபோது, பச்சைத் திரவத்துக்குப் பதிலாகச் செம்பழுப்பு நிறத்தில் கூழ் படிந்திருந்தது. மூடியின் உட்புறத்திலும் அதே கூழ் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது.

மெக்கானிக் முதலில், எஞ்சினுக்குள் ஆயிலும் கூலன்டும் கலக்காமல் தடுக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட்டைத்தான் சந்தேகித்தார். எஞ்சின் ஆயில் கூலன்டில் கலந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்போல் வெளுக்காமல் தெளிவாக இருந்தது. கூழிலும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. எஞ்சினுக்குள் எரிந்த புகைவாயு கூலன்டில் கசிகிறதா என்று பார்க்கும் சோதனைத் திரவமும் நிறம் மாறவில்லை. முந்தைய உரிமையாளரிடம் விசாரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. அளவு குறையும்போதெல்லாம் கடையில் எந்தப் பச்சை கிடைத்ததோ அதை வாங்கி ஊற்றியிருக்கிறார்.

நிறம் என்பது வெறும் சாயம். அதற்குப் பொதுவான தரவிதி எதுவும் இல்லை. பெரும்பாலான கூலன்ட்களின் அடிப்படை எத்திலீன் கிளைக்கால்தான். வேறுபாடெல்லாம் அதனுடன் சேர்க்கப்படும் துருத்தடுப்புப் பொருள்களில் இருக்கிறது. பழைய முறையிலான ஐ.ஏ.டி. (கனிம உப்புத் தடுப்பு) வகையில் உள்ள சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் உலோகப் பரப்பு முழுவதையும் ஒரு படலமாக மூடிக் காப்பதால் விரைவில் தீர்ந்துபோகும். ஏறத்தாழ 2 ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும். ஓ.ஏ.டி. (கரிம அமிலத் தடுப்பு) வகையிலுள்ள கரிம அமிலங்கள் அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் 5 ஆண்டுகள் வரை தாங்கும். இரண்டையும் இணைத்த கலப்பு வகையிலும் எல்லாம் ஒன்றல்ல. கடின நீருடன் சேர்ந்தால் பாஸ்பேட் உப்பாகப் படியும் என்பதால் ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பொதுவாக அதைத் தவிர்த்துச் சிலிகேட்டை நாடுகிறார்கள். ஜப்பானியர்கள், சிலிகேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்று கருதி, அதைத் தவிர்த்துப் பாஸ்பேட்டைச் சேர்க்கிறார்கள். பொருந்தாத வகைகள் கலந்தால் தடுப்புப் பொருள்கள் பிரிந்து கூழாகப் படியக்கூடும். படியாவிட்டாலும் நீண்ட ஆயுள் என்ற பயன் போய்விடும்.

கையேட்டில் இருந்த தரக்குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டு, பழையதை முழுவதும் வடித்தோம். பிறகு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, சூடேறியதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறியதும் வடித்தோம். வடியும் நீர் தெளியும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தோம். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எவ்வளவு வடித்தாலும் எஞ்சின் பிளாக்குக்குள் கொஞ்சம் நீர் தங்கிவிடும். அதன் மேல், ஏற்கெனவே நீர் கலந்து விற்கும் ரெடிமிக்ஸை ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். ஆகவே மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்றால், முதலில் நீர் கலக்காத கான்சன்ட்ரேட்டை 3 லிட்டர் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புவதே சரி.

மறுமொழி 1

எங்கள் வீட்டுக் கார் எனக்கு வேறொரு பாடத்தைக் காட்டியது. கெட்டியாக இருந்தால் கூடுதல் பாதுகாப்பு என்று நம்பிய ஒரு பணிமனையில், கான்சன்ட்ரேட்டைத் தண்ணீரே சேர்க்காமல் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். மேட்டில் ஏறும்போதெல்லாம் வெப்பமுள் வழக்கத்தைவிட உயர்ந்தது. வெப்பத்தை எடுத்துச் செல்வதில் கிளைக்காலைவிடத் தண்ணீரே சிறந்தது என்பதுதான் காரணம். குளிர்காப்பிலும் இதே கதைதான்: தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி செல்சியஸை ஒட்டியே உறைந்துவிடும், சரிபாதி நீர் சேர்த்தால் மைனஸ் 37 வரை உறையாது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாலே கலவையின் விகிதம் தெரிந்துவிடும்.

மறுமொழி 2

'எல்லாக் கார்களுக்கும் ஏற்றது' என்று முன்பக்கத்தில் அச்சிட்ட கேன்களை நான் வாங்குவதில்லை. பின்பக்கச் சிற்றெழுத்தில் என் கார்த் தயாரிப்பாளரின் தரக்குறியீடு இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பேன். வழியில் அளவு குறைந்து, கையில் சரியான கூலன்ட் இல்லையென்றால், கண்டதைக் கலப்பதைவிட டிஸ்டில்டு வாட்டர் கொஞ்சம் ஊற்றி வீடு சேர்வது மேல். பின்னர் விகிதத்தைச் சரிசெய்துகொள்ளலாம், எங்கே கசிகிறது என்றும் தேடலாம். வடித்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். அது இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். சிறிதளவே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.