முட்டைக்கோஸ் புழு எந்த மருந்துக்கும் அசையவில்லை, வழி சொல்லுங்கள்
நண்பர்களே, வணக்கம். என் முட்டைக்கோஸில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு அடங்க மறுக்கிறது. குளோரான்ட்ரானிலிப்ரோல் முதலில் நன்றாகவே கேட்டது. போகப் போகக் கேட்கவில்லை. சரி, மாற்றிப் பார்ப்போம் என்று ஃபுளூபெண்டியமைடு அடித்தேன். மூன்றாம் நாளும் இலையில் புழு உயிரோடு நெளிகிறது.

அப்புறம்தான் லேபிளை ஒழுங்காகப் படித்தேன். பெயர்தான் வேறு, பூச்சியைத் தாக்கும் விதத்தை வைத்து மருந்துகளுக்கு எண் கொடுத்துப் பிரிக்கும் குழுக்களில் இரண்டும் ஒரே 28-ஆம் குழு. புழுவின் தசையில் இரண்டும் தாக்குவது ஒரே இடத்தை. மருந்தை மாற்றுவதாக நினைத்து, தாக்குப்பிடிக்கும் புழுக்களை மட்டும் நானே மிச்சம் வைத்துப் பெருக்கியிருக்கிறேன். மனசு ஆறவில்லை. இந்தப் பூச்சி டி.டி.டி.க்குத் தாக்குப்பிடிப்பது 1953-லேயே பதிவான விஷயம். வயலில் பி.டி. (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) தெளிப்பை முதலில் வென்ற பூச்சியும் இதுதான்.

கையில் ஸ்பினோசாட் (5), எமாமெக்டின் (6), இண்டாக்சாகார்ப் (22) இருக்கின்றன. ஒவ்வொரு தெளிப்புக்கும் குழுவை மாற்றுவதா, ஒரு தலைமுறை முழுக்க ஒரே குழுவை வைத்து அடுத்த தலைமுறைக்கு மாற்றுவதா? வெயில் காலத்தில் ஒரு தலைமுறை மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். பிழைத்த புழுவின் வாரிசு வேறு குழுவைச் சந்திக்க வேண்டும் என்பதால் இரண்டாவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்று: தெளிப்பதற்கு முன், இலைத்துண்டை மருந்துக் கரைசலில் முக்கி உலர்த்தி, புழுவை விட்டுச் சோதித்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை புழு, புழுவின் எந்த வளர்ச்சிப் பருவம், எத்தனை மணி நேரம் கழித்து எண்ணினீர்கள்? இந்தப் புழுவைக் கொல்லும் கொட்டீசியா ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகளும் தென்படுகின்றன, அவற்றை இழக்க மனமில்லை. அடுத்த தெளிப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.