ஆறாவது குவார்ட் எங்கே போனது?

ஃப்ளோரிடாவில் பயிற்சி எடுத்தபோது எனக்கு வாய்த்த செஸ்னா 152 என்ற குட்டிப் பயிற்சி விமானத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் "எண்ணெய்க் குடிகாரன்". காலையில் எண்ணெய் அளக்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் ஐந்து குவார்ட் காட்டும் (ஒரு குவார்ட் என்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு). பொறுப்பான பிள்ளை நான், இன்னொன்று ஊற்றி ஆறாக்கிவிடுவேன். இரண்டு மணி நேரம் பறந்தால் மறுநாள் மறுபடி ஐந்து. அடிவயிறெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. துடைப்பதும் என் தலையில்தான்.

அப்புறம் கணக்குப் போட்டேன். எண்ணெய்ச் செலவுக்கு இஞ்சின் தயாரிப்பாளர் லைகமிங் தரும் உச்ச வரம்பு: குதிரைத்திறனை 0.006-ஆலும் நான்காலும் பெருக்கி, 7.4-ஆல் வகுக்க வேண்டும். 152-இல் இருக்கும் 110 குதிரைத்திறன் ஓ-235 இஞ்சினுக்கு மணிக்குச் சுமார் 0.36 குவார்ட் வரும். எனக்கு வந்ததோ 0.5. இஞ்சின் போச்சு என்று மெக்கானிக்கிடம் ஓடினேன். மனிதர் ஸ்பேனரைத் தொடவே இல்லை, விமானக் கையேட்டைப் புரட்டிக் காட்டினார். மூன்று மணி நேரத்துக்குள் முடியும் பறத்தலுக்கு ஐந்து குவார்ட், நீண்ட பயணத்துக்கு ஆறு, நான்குக்குக் கீழே இயக்கவே கூடாது. எல்லாம் அச்சிலேயே இருந்தது. நான் ஊற்றிய ஆறாவது குவார்ட்டை இஞ்சின் தன் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியே துப்பிக்கொண்டிருந்திருக்கிறது!

ஐந்தோடு நிறுத்தியதும் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று அடங்கியது. அன்று தொடங்கி ஊற்றும் ஒவ்வொரு குவார்ட்டையும் டேகோமீட்டர் காட்டும் இஞ்சின் ஓடிய மணிக்கணக்கோடு நோட்டில் எழுதுகிறேன். சமதளத்தில், இஞ்சின் ஆறிய பிறகுதான் அளவு பார்ப்பேன். இறங்கிய கையோடு பார்த்தால் எண்ணெய் முழுக்க வடிந்திருக்காது, குறைவாகக் காட்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று கேட்ட இஞ்சின் திடீரென்று நான்குக்கு ஒன்று கேட்டால், அது வரம்புக்குள் இருந்தாலும் பறக்க மாட்டேன்.

— — —

மேலே எழுதியவருக்கு எங்கள் கதை நேரெதிர்: எண்ணெயைச் சரியாக ஊற்றியும் இஞ்சினைக் கெடுத்தோம். நான்கு பேர் பங்கு போட்டு வைத்திருக்கும் செஸ்னா 172 விமானம், இஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் முடிந்து வந்தது. முதல் 50 மணி நேரம், அல்லது எண்ணெய்ச் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை, சாதா மினரல் எண்ணெய் என்றார்கள். அதைச் சரியாகத்தான் ஊற்றினோம். ஆனால் புது இஞ்சினாச்சே என்று பச்சைக் குழந்தை மாதிரி, குறைந்த பவரிலேயே ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு பொருந்திப் படியவே இல்லை. சிலிண்டர் சுவர் கண்ணாடி போல மினுங்கி, கழற்றி மறுபடி ஹோன் பண்ண, அதாவது சுவரைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க, வேண்டியதாயிற்று. 65 முதல் 75 சதவீத பவரில் ஓட்டியிருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

— — —

விமான எண்ணெய் டப்பாவில் W100 என்று பார்த்துவிட்டு "நூறு கிரேடா!" என்று மலைத்தவன் நான். உண்மையில் அது, எண்ணெயின் தடிமனைச் சொல்லும் SAE கணக்கில், 50. நான் பறக்கும் இடத்தில் வருடம் முழுக்க வெயில், வாரம் மூன்று நாள் இஞ்சின் ஓடுகிறது, அதனால் அதுவே போதும். குளிர்காலக் காலையில் இஞ்சினைக் கிளப்புகிறவர்களுக்கு, குளிரிலும் இளகி ஓடும் 15W-50 நல்லது. கார் எண்ணெய் மலிவாச்சே என்று கிளப்பில் ஒருவர் கேட்டார். அதில் உள்ள உலோகச் சேர்மானம் எரிந்து சாம்பலாகப் படியும், படிந்த சாம்பல் கனன்று ஸ்பார்க்குக்கு முன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். இதைச் சொன்னதும் டப்பாவைக் காருக்கே எடுத்துப்போய்விட்டார்.