கண்ட்ரோல்-ஜே அழுத்தினால் என்ன ஆகும்? ஐடோவை விட்டு எங்கே போவது?

மெய்ப்பு_மேசை கேட்டது:

ஈமேக்ஸ் எடிட்டரில் ஃபைல் திறக்க 2009-லிருந்து எனக்கு ஐடோதான்; பெயரை அடிக்க அடிக்கப் பொருந்துகிற ஃபைல்களைக் காட்டும் வசதி அது. ஈமேக்ஸ் 22-உடனேயே சேர்ந்து வந்ததால் தனியாக எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை, அப்படியே பழகிவிட்டது. போன வாரம் அது என்னைக் கவிழ்த்துவிட்டது.

என் தொழில் புத்தக மெய்ப்பு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு ஃபோல்டர். உள்ளே முன்னுரை, பொருளடக்கம், அத்தியாயங்கள் என்று எல்லாம் தமிழ்ப் பெயரில். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இதே பெயர்கள்தான் இருக்கும் என்பதைக் கவனியுங்கள், விவகாரம் அதில்தான்.

ராத்திரி பதினொரு மணி. புதுப் புத்தகத்தின் ஃபோல்டரில் நின்றுகொண்டு 'முன்னுரை' என்று அடித்தேன். அங்கே அப்படி ஒரு ஃபைல் இல்லை, உருவாக்கத்தான் வந்தேன். பொருத்தம் இல்லாதபோது என்டரே போதும், அடித்த பெயரையே எடுத்துக்கொள்ளச் சொல்லும் கண்ட்ரோல்-ஜே எதற்கு என்ற சோம்பல் வேறு. டீ டம்ளருக்குக் கை நீட்டிய நேரத்தில் ஐடோ தானாகவே என் பழைய ஃபோல்டர்களைத் துழாவி, போன மாதம் முடித்துக் கொடுத்த இன்னொருவருடைய முன்னுரையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. திரையைப் பார்க்காமல் என்டர் தட்டினேன். உள்ளே எழுத்து இருந்ததைப் பார்த்தும், மாதிரிப் பக்கம் போலிருக்கிறது என்று மொத்தத்தையும் அழித்து, புதியதை ஒட்டிச் சேமித்துவிட்டேன்.

காலையில்தான் தெரிந்தது. முதல் தடவை சேமிக்கும்போது பெயருக்குப் பின்னால் ஒரு சுழி போட்டு ஈமேக்ஸ் பழைய நகலை எடுத்து வைக்குமே, அதுதான் மானத்தைக் காப்பாற்றியது.

இப்போது மாறலாம் என்று பார்க்கிறேன். ஐடோவுக்குப் பதிலாக ஈமேக்ஸுக்குள்ளேயே ஹெல்ம், ஐவி, வெர்டிகோ, ஈமேக்ஸுக்கு வெளியிலிருந்து எஃப்இசட்எஃப் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பட்டியல் எவ்வளவு அழகாக விரிகிறது என்பது எனக்கு முக்கியமில்லை. எனக்கு ஒரே கேள்வி: "நீ காட்டுவது வேண்டாம், நான் அடித்த பெயர்தான் வேண்டும்" என்று சொல்ல எந்தச் சாவி? ஐடோவில் அது கண்ட்ரோல்-ஜே. மற்றதில்?

---

இரவு_ஷிஃப்ட்:

அண்ணே, முதலில் தீயை அணைப்போம். அதற்கு ஐடோவை விட வேண்டிய அவசியமே இல்லை. 'ஐடோ-ஆட்டோ-மெர்ஜ்-வொர்க்-டைரக்டரீஸ்-லெங்த்' என்று ஐடோவின் அமைப்புகளில் ஒரு மாறி. அதன் மதிப்பு இயல்பாக 0. அதாவது இந்த ஃபோல்டரில் பொருத்தம் இல்லையென்றால் 0.7 நொடி பொறுத்துவிட்டு நீங்கள் முன்பு வேலை செய்த ஃபோல்டர்களில் போய்த் தேடு என்று அர்த்தம். டீ டம்ளரை எடுக்க 0.7 நொடி தாராளம். அதை -1 என்று வைத்தால் தேடலே நடக்காது. ஐடோ வைத்திருக்கிற எல்லோரும் ஒரு நாள் இந்தப் பள்ளத்தில் விழுந்துதான் எழுந்திருக்கிறோம்.

நான் 2016-இல் ஐவிக்குப் போனேன். வேகம், தெளிவு, கூடவே வருகிற, ஃபைலுக்குள் தேடும் ஸ்வைப்பர், மூன்றும் பிடித்தது. ஆனால் முதல் வாரம் விரல் சண்டை போட்டது. ஐவியில் கண்ட்ரோல்-ஜே என்றால் "இந்த ஃபோல்டருக்குள் போ". நீங்கள் கேட்கிற சாவி கண்ட்ரோல்-ஆல்ட்-ஜே. ஃபோல்டர் மேல் என்டர் அடித்தால் ஐடோ உள்ளே நுழையும், ஐவியோ ஃபோல்டரில் உள்ளதைப் பட்டியலிடும் டைரெட்டைத் திறந்து காட்டும். என்டரையும் ஜே-யையும் மாற்றிக் கட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. ஐவிக்கு வருகிற ஐடோக்காரர்களில் பாதிப் பேர் இதைத்தான் முதலில் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

---

சுக்கான்_பிடித்தவன்:

ஹெல்ம் கனம், ஹெல்ம் பாதித் திரையை விழுங்கும் என்று ஆரம்பிப்பதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பட்ட அடி ஹெல்மில் விழுவது கஷ்டம். அடித்த பெயரில் ஃபைல் இல்லாவிட்டால் அந்தப் பெயரையே தனி வரியாக, புதிது என்ற அடையாளத்தோடு காட்டும். எதை உருவாக்குகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். கண்ட்ரோல்-எல் ஒரு படி மேலே ஏற்றும், கண்ட்ரோல்-ஜே உள்ளே இறக்கும். கண்ட்ரோல்-ஸ்பேஸ் அடித்துப் பத்து ஃபைலைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்தே நகலெடுக்கலாம், பெயர் மாற்றலாம்.

பழக ஒரு மாதம் ஆகும். அதை மறைக்க மாட்டேன்.

---

முறை_மாறி:

விம் என்ற இன்னொரு எடிட்டரின் பக்கத்திலிருந்து ஒரு குரல். சண்டைக்கு இல்லை.

உங்கள் பிரச்சினையின் வேர் இது: ஏற்கனவே இருக்கிற ஃபைலைத் தேடுவதும் புது ஃபைலை உருவாக்குவதும் இரண்டு வேலை. ஈமேக்ஸில் இரண்டுக்கும் ஒரே வாசல். விம்மில் எனக்கு வாசலே இரண்டு. தேட எஃப்இசட்எஃப். அது ஃபோல்டர் ஃபோல்டராக இறங்காது, கீழே உள்ள மொத்த மரத்தையும் ஒரே பட்டியலாகக் கொட்டிவிட்டு வடிகட்டும். பொருத்தம் இல்லாதபோது என்டர் அடித்தால் எதையும் தேர்ந்தெடுக்காமல் வெளியே வந்துவிடும். தவறிப்போய்க்கூட அதில் புது ஃபைல் உருவாக்க முடியாது. உருவாக்க வேண்டுமா, ஃபைல் திறக்கிற கோலன்-இ கட்டளையைப் போட்டுப் பெயரை அடிக்கிறேன். அங்கே டேப் தட்டினால் மட்டும் நிரப்பும், தட்டாவிட்டால் வாயைத் திறக்காது.

அப்புறம், எஃப்இசட்எஃப்பில் கண்ட்ரோல்-ஜே என்றால் ஒரு வரி கீழே. ஒரே சாவிக்கு எத்தனை பிறவி பாருங்கள்.

---

மெய்ப்பு_மேசை:

எல்லோருக்கும் நன்றி. -1 போட்டாயிற்று. அந்த ஒரு வரி 15 வருஷம் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஆனாலும் ஆசை விடவில்லை. எதையும் நிறுவாமல் பார்க்கலாமே என்று ஈமேக்ஸ் 27-இலிருந்து உள்ளேயே இருக்கிற, ஐடோ மாதிரி நடந்துகொள்ளும் ஃபிடோவைப் போட்டேன். 28-இல் செங்குத்துப் பட்டியலும் வந்துவிட்டது. பேக்ஸ்பேஸ் ஒரு ஃபோல்டர் மேலே ஏற்றுகிறது, ஐடோ போலவே. அடித்த பெயரே வேண்டுமென்றால் ஆல்ட்-ஜே. அரை மணி நேரத்தில் கை வசப்பட்டது.

பிறகு கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் ஃபோல்டரில் 'கல்' என்று அடித்தேன். கல்வெட்டுக் கட்டுரை முதலில் வந்தது, சரி. அதன் கீழே கடல், கோயில், காலம் என்று ஒரு திருவிழாக் கூட்டம். கல்லுக்கும் கோயிலுக்கும் சம்பந்தம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். காலத்துக்கு என்ன சம்பந்தம்?

கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் புரிந்தது. ஃபிடோ, அடித்த எழுத்துகள் அதே வரிசையில் எங்காவது இருந்தால் போதும், இடையில் என்ன இருந்தாலும் பரவாயில்லை என்று விடுகிற ஃப்ளெக்ஸ் முறையில் தேடுகிறது. ஆங்கிலப் பெயர்களுக்கு அது வசதி. தமிழிலோ 'கல்' என்பது கணினிக்கு மூன்று துண்டு: க, ல, தனியாக ஒரு புள்ளி. 'காலம்' என்பதில் க இருக்கிறது, ல இருக்கிறது, கடைசி ம்-இன் தலையில் ஒரு புள்ளியும் இருக்கிறது. பொருத்தம்! நமக்கு ஓர் எழுத்தாக இருப்பதைப் பிய்த்துப் போட்டு, ம்-இன் புள்ளியை ல-வுக்குக் கடன் கொடுக்கிறது. நன்னூல் படித்தவன் நெஞ்சு தாங்குமா?

---

ஓரக்குறிப்பு:

தாங்காது. அதனால்தான் வெர்டிகோவோடு ஆர்டர்லெஸ்ஸையும் சேர்த்துப் போடச் சொல்கிறேன்.

வெர்டிகோ 2021-இல் வந்தது. செய்வது ஒரே வேலை: ஈமேக்ஸ் தருகிற பட்டியலை நெட்டுக்கு நிறுத்திக் காட்டும். எப்படிப் பொருத்துவது என்பது அதன் தலைவலி இல்லை, அதை ஆர்டர்லெஸ் பார்த்துக்கொள்ளும். ஆர்டர்லெஸ்ஸில் இடைவெளி விட்டு அடிக்கிற ஒவ்வொரு துண்டும் முழுசாக அப்படியே இருக்க வேண்டும், துண்டுகளின் வரிசை மட்டும் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். 'கல்' என்றால் கல் என்றே இருக்கிற பெயர்தான் வரும். 'வெட் கல்' என்றாலும் கல்வெட்டு வரும். தமிழ்ப் பெயர்களுக்கு இந்த முறைதான் சரி. முறை_மாறி சொன்ன எஃப்இசட்எஃப்பிலும் துண்டுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டால் இதே பலன் கிடைக்கும்.

ஃபைல் பாதைகளுக்கு மட்டும் 'பார்ஷியல்-கம்ப்ளீஷன்' முறையை முதலில் வையுங்கள். பாதையில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் முதல் எழுத்தை மட்டும் அடித்துச் சாய்கோடு போட்டுக்கொண்டே போனால் அதுவே விரித்துக்கொள்ளும். பேக்ஸ்பேஸ் ஒரு ஃபோல்டரை முழுதாக அழிக்க வேண்டுமானால் கூடவே வருகிற 'வெர்டிகோ-டைரக்டரி' நீட்சியைச் சேர்த்து அந்தச் சாவியைக் கட்ட வேண்டும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: வெர்டிகோவில் அடித்ததே வேண்டுமென்றால் ஆல்ட்-என்டர். அல்லது முதல் வரியிலிருந்து மேல் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் நீங்கள் அடித்த வரியே தேர்வாகும். எச்சரிக்கை: கண்ட்ரோல்-ஜே அங்கே என்டருக்கு இன்னொரு பெயர். பழக்கதோஷத்தில் அழுத்தினால் பட்டியலின் முதல் ஃபைல் திறந்துகொள்ளும். போன வாரத்துக் கதைதான் திரும்பவும். முதல் வேலையாக, வெர்டிகோவின் சாவிப் பட்டியலில் கண்ட்ரோல்-ஜே-யை 'வெர்டிகோ-எக்ஸிட்-இன்புட்' என்பதோடு கட்டிவிடுங்கள்.

---

மெய்ப்பு_மேசை:

போட்டேன், கட்டினேன், நாலு நாள் ஆயிற்று. வெர்டிகோவிலேயே தங்கிவிடுவேன் போலிருக்கிறது. ஹெல்மையும் ஒரு நாள் பார்த்தேன். அந்த 'புதிது' அடையாளம் உண்மையிலேயே நல்ல யோசனை, ஆனால் எனக்கு அவ்வளவு பெரிய வீடு வேண்டாம்.

ஒரு மர்மம் மட்டும் மிச்சம். ஒரு புத்தக ஃபோல்டரில் 'பொருளடக்கம்' என்று ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது. 'பொ' என்று அடித்தால் பட்டியல் காலி. 'ருளட' என்று அடித்தால் வருகிறது! ஐடோவிலும் அப்படித்தான், எஃப்இசட்எஃப்பிலும் அப்படித்தான், ஆக வெர்டிகோவின் குற்றம் இல்லை. மற்ற புத்தகங்களில் இந்தத் தகராறு கிடையாது. அந்த ஃபோல்டர் மட்டும் பக்க வடிவமைப்பாளர் ஒருவர் பென்டிரைவில் கொடுத்தது.

---

இரவு_ஷிஃப்ட்:

அவர் வைத்திருப்பது பழைய மேக்கா? 2017-இல் ஏபிஎஃப்எஸ் என்ற புது ஃபைல் அமைப்பு வருவதற்கு முன் மேக்குகளில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் அமைப்பு, ஃபைல் பெயர்களைப் பிரித்துத்தான் எழுதிவைக்கும். நீங்கள் 'பொ' அடிக்கும்போது ஒகரக் குறி ஒரே யூனிகோடு குறியீடாகப் போகிறது, யூடிஎஃப்-8-இல் 3 பைட். பென்டிரைவில் வந்த பெயரில் அதுவே எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடு, 6 பைட். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். தேடுகிற நிரலுக்கு இரண்டும் வேறு வேறு. ஒ, ஓ, ஔ குறிகள் மூன்றுக்கும் இந்த வியாதி உண்டு. 'ருளட'வில் அந்தக் குறிகள் இல்லாததால் தப்பித்தது.

டைரெட்டில் அந்தப் பெயரின் மேல் கர்சரை வைத்து, கண்ட்ரோல்-யூ, கண்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அடித்துப் பாருங்கள். என்னென்ன குறியீடுகள் சேர்ந்து நிற்கின்றன என்று சொல்லிவிடும். அப்படியே இருந்தால் ஃபைல் பெயர்களின் குறியீட்டை மாற்றும் 'கன்வ்எம்வி' என்ற லினக்ஸ் கட்டளைக்கு, பிரிந்ததை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி விருப்பத்தைக் கொடுத்து ஃபோல்டர் முழுக்க ஓட்டுங்கள். 'நோடெஸ்ட்' சேர்க்காத வரை அது ஒத்திகை மட்டும்தான் பார்க்கும், அதனால் பயமில்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்.

---

மெய்ப்பு_மேசை:

பழைய மேக்தான்! கேட்டுவிட்டேன். ஒத்திகையில் 38 பெயர் காட்டியது, அத்தனையிலும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். 'கோயில் கணக்கு' உட்பட. ஓட்டி முடித்தாயிற்று, இப்போது 'பொ' என்றதுமே வருகிறது. இருபது வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறேன், கண்ணுக்கே தெரியாத பிழையைத் திருத்தியது இதுதான் முதல் தடவை.

முறை_மாறி, உங்கள் எஃப்இசட்எஃப்பையும் கட்டளை அடிக்கும் ஷெல்லில் வைத்துக்கொண்டேன். அங்கேதான் இன்னும் கண்ட்ரோல்-ஜே அழுத்தி ஒரு வரி கீழே இறங்கிவிட்டு முழிக்கிறேன். அதை மாற்ற வழி இருக்கிறதா, இல்லை விரலைத்தான் மாற்ற வேண்டுமா?

---

முறை_மாறி:

விரல் இருக்கட்டும். எஃப்இசட்எஃப்பில் சாவிகளை மாற்றிக் கட்டும் பைண்ட் விருப்பத்தில் கண்ட்ரோல்-ஜே-க்கு 'பிரிண்ட்-குவெரி' என்று கொடுங்கள். அடித்ததை அப்படியே வெளியே தள்ளிவிட்டு மூடிக்கொள்ளும். கீழே இறங்க கண்ட்ரோல்-என் இருக்கிறது, ஈமேக்ஸ்காரருக்கு அதுதானே வசதி.