ரன்னோக் மூர்ல ஐஸ் எப்போ போச்சுன்னு கல்லை வச்சு எப்படி சொல்றாங்க?

ஹைலேண்ட்_குமரன்:
வணக்கம் மக்களே. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோவிலேருந்து க்ளென்கோ போற வழியில ரன்னோக் மூர்னு ஒரு பெரிய பொட்டல் வரும், சதுப்பும் குட்டையுமா கிடக்கும், நடுநடுவுல ஒத்தை ஒத்தையா ஆள் உயரத்துக்கு கிரானைட் பாறாங்கல்லு. ஐஸ் இழுத்துட்டு வந்து விட்டுட்டுப் போன கல்லுங்கறாங்க. கடைசியா அங்க ஐஸ் இருந்தது சுமார் 12,000 வருஷம் முன்னாடின்னு படிச்சேன், ஆனா அந்த கிரானைட்டுக்கு 40 கோடி வருஷத்துக்கு மேல வயசு. அதே கல்லுலேருந்து 12,000ங்கிற நம்பர் எப்படி வருது? அதுவும் ஒரு இடத்துல 12,500ங்கறாங்க, இன்னொரு இடத்துல 11,500ங்கறாங்க. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க.

பாறைமகள்:
குமரன், அது ரெண்டும் வேற வேற வயசுங்க. 40 கோடிங்கிறது மேக்மா உறைஞ்சு கல்லான வயசு. 12,000ங்கிறது அந்தக் கல்லோட மேல்தோல் வானத்தைப் பாத்து எவ்ளோ காலமாச்சுங்கற கணக்கு. விண்வெளியிலேருந்து வர்ற காஸ்மிக் கதிர் எப்பவும் பூமி மேல விழுந்துட்டே இருக்கு, அது காத்துல மோதி சிதறி கீழ வர்ற நியூட்ரான், கல்லுல இருக்கற குவார்ட்ஸ்ல ஆக்சிஜன் அணுவை உடைச்சா பெரிலியம்-10 உண்டாகும். கடல் மட்டத்துல, ஸ்காட்லாந்து மாதிரி வடக்க இருக்கற இடத்துல, 1 கிராம் குவார்ட்ஸ்ல வருஷத்துக்கு சுமார் 4 அணு, அவ்ளோதான். மலை மேல ஏற ஏறக் கூடும்.

கோயில் உண்டியல்னு வச்சுக்கோங்க, வருஷத்துக்கு நாலு காசு விழுது. மேல கனமா ஐஸ் மூடியிருந்தா வாயை அடைச்ச கணக்கு, கிட்டத்தட்ட ஒண்ணும் விழாது. ஐஸ் விலகின நாள்லேருந்து விழ ஆரம்பிக்கும், திறந்து எண்ணினா எத்தனை வருஷம்னு தெரிஞ்சுடும். பெரிலியம்-10க்கு அரை ஆயுள் கிட்டத்தட்ட 14 லட்சம் வருஷம், அதனால 12,000 வருஷத்துல சிதைஞ்சு போறது ரொம்ப ரொம்பக் கம்மி.

நான் இந்த லேப் வேலை செஞ்சிருக்கேன், அதனால சொல்றேன், எண்றது லேசு இல்ல. பாறை உச்சியில உளி வச்சு மேல ரெண்டு மூணு செ.மீ. மட்டும் எடுப்போம், சுத்தி இருக்கற மலை எவ்ளோ வானத்தை மறைக்குதுன்னு எல்லாப் பக்கமும் கோணம் அளந்து எழுதணும், அப்புறம் இடிச்சு சலிச்சு ஹைட்ரோஃபுளூரிக் ஆசிட்ல திரும்பத் திரும்ப ஊறப்போட்டு குவார்ட்ஸ் மட்டும் மிஞ்சற வரைக்கும் கழுவணும். 1 கிராம் குவார்ட்ஸ்ல மொத்த அணு 1க்குப் பின்னால 22 பூஜ்யத்துக்கு மேல, அதுல நாம தேடற பெரிலியம்-10 சில பத்தாயிரம்தான். அதை எண்ண ஆக்சிலரேட்டர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்னு அணுவை எடை வாரியாப் பிரிச்சு எண்ற பெரிய மெஷின் வேணும், ஸ்காட்லாந்துலயே ஈஸ்ட் கில்பிரைட்ல ஒண்ணு இருக்கு.

ஹைலேண்ட்_குமரன்:
அருமையா சொன்னீங்க, நன்றிங்க. அப்போ ஒரே ஒரு நல்ல கல்லு கிடைச்சா போதுமா? ஐஸ் வர்றதுக்கு முன்னாடியே அதுல விழுந்த காசு?

பாறைமகள்:
சரியான கேள்வி, அதுதான் பெரிய தொல்லையே. ஐஸ் நல்லா அரைச்சிருந்தா மேல ரெண்டு மூணு மீட்டர் கல்லு போயிடும், பழைய கணக்கும் அதோட போயிடும். அரைக்கலைன்னா வயசு கூடிக் காட்டும். ஸ்காட்லாந்துலயே கேர்ன்கார்ம் மலை உச்சியில இருக்கற கிரானைட் குன்றுங்களைப் பாருங்க, ஐஸ் அதுக்கு மேலேயே இருந்திருக்கு, ஆனா அடியில தரையோட உறைஞ்சு ஒட்டிக்கிட்டு நகராம இருந்ததால குன்றை ஒண்ணும் பண்ணல, பல லட்சம் வருஷக் கணக்கு அப்படியே கிடக்கு. அந்தக் குன்றை வச்சு ஐஸ் எப்போ போச்சுன்னு சொல்லவே முடியாது, அது மேல ஐஸ் கொண்டுவந்து வச்ச வேத்து ஊர்க் கல்லு இருந்தா அதைத்தான் அளக்கணும். இதுக்கு நேர்மாறா, கல்லு பின்னால உருண்டிருந்தாலோ, பீட், அதாவது செடி மக்கின சதுப்பு மண், மூடியிருந்து அப்புறம் வெளிய வந்திருந்தாலோ வயசு குறைச்சுக் காட்டும். அதனால ஒரே மேட்டுல நாலஞ்சு கல்லு எடுத்து எல்லாம் ஒத்து வருதான்னு பாக்காம யாராவது தேதி சொன்னா நான் நம்ப மாட்டேன்.

முரளி_நெல்லை:
500, 1000 வருஷ வித்தியாசம் ஏன்னு கேட்டீங்கல்ல. கடைசிக் குளிர் காலம், யங்கர் டிரையஸ்னு சொல்றது, 12,900 வருஷம் முன்னாடிலேருந்து 11,700 வருஷம் முன்னாடி வரைக்கும், மொத்தமே 1,200 வருஷம். அந்த "வருஷத்துக்கு 4 அணு"ங்கற ரேட்டை முன்னாடி நாலரைகிட்ட வச்சிருந்தாங்க, பிறகு நாலுகிட்ட இறக்கினாங்க. ரேட் 10 சதவீதம் மாறினா 12,000 வருஷக் கல்லுல 1,200 வருஷம் மாறிடும், அதாவது அந்தக் குளிர் காலம் முழுசுமே அந்தப் பிழைக்குள்ள அடங்கிடும்! இதனாலதான் ஸ்காட்லாந்துக்குன்னே லாக் லோமண்ட் ஏரிப் பக்கத்துலயும் க்ளென் ராய் பள்ளத்தாக்குலயும் தனியா ரேட் கணக்கிட்டாங்க, அந்த ரெண்டும்கூட அச்சா ஒத்துப்போகாது.

ரன்னோக் மூர் கதை இதுல இன்னும் சூடு. 2014ல ஒரு குழு அங்க சதுப்போட அடியில கிடைச்ச செடி மிச்சங்களை செத்த செடியோட வயசு சொல்ற கார்பன்-14 முறையில அளந்துட்டு 12,200 வருஷத்துக்கு முன்னாடியே அங்க செடி முளைச்சிருக்கு, அப்போ ஐஸ் யங்கர் டிரையஸுக்கு நடுவுலயே போயிடுச்சு, அப்போ வருஷாவருஷம் வர்ற குளிர்காலம்தான் கடுமை, கோடை சூடாயிட்டு இருந்ததுன்னாங்க. 2016ல இன்னொரு தரப்பு இதை ஏத்துக்கல, ஐஸ் அதுக்கப்புறமும் இருந்திருக்குன்னு எழுதினாங்க. என்னைக் கேட்டா, வடிச்செடுத்த துண்டு துணுக்கை மட்டும் நம்பி ஒரு நாட்டோட ஐஸ் முழுக்க போயிடுச்சுன்னு சொல்றது அவசரம்.

ஏரிக்கரை_செல்வி:
கல்லு, கார்பன் ரெண்டும் இல்லாம மூணாவது ஒண்ணு இருக்கு, யாரும் சொல்லலையேன்னு வந்தேன். க்ளென் ராய் பள்ளத்தாக்குல மலைச்சரிவு முழுக்க 260, 325, 350 மீட்டர் உயரத்துல மூணு கோடு மட்டம் பிடிச்ச மாதிரி ஓடும். 1839ல டார்வின் அதைப் பழைய கடற்கரைன்னு எழுதினார், அடுத்த வருஷமே பனியாறு ஆராய்ச்சியாளர் அகஸிஸ் வந்து பாத்துட்டு ஐஸ் அணை கட்டி நின்ன ஏரியோட கரைன்னார், அதுதான் சரி. அந்த ஏரி அடிச் சேத்துல கோடைக்கு ஒரு வண்டல் படிவு, குளிர்காலத்துக்கு ஒரு மெல்லிய களிமண் படிவு, ஜோடி ஜோடியா எண்ணினதுல 515 வருஷம் வந்திருக்கு. ஐஸ் அணை அவ்ளோ காலமாவது நின்னிருக்குன்னு அர்த்தம், இதுல எந்த ரேட் கணக்கும் கிடையாது, சும்மா எண்றதுதான்.

ஹைலேண்ட்_குமரன்:
சூப்பர்ங்க! ஆனா அந்த 515 வருஷம் எந்த 515 வருஷம்?

ஏரிக்கரை_செல்வி:
அதுதான் அதோட குறை, எண்ணிக்கை தனியா மிதக்கும், வேற ஏதாவது ஒண்ணுல கட்டணும். ஐஸ்லாந்துல காட்லா எரிமலை சுமார் 12,100 வருஷம் முன்னாடி வெடிச்சப்போ வந்த சாம்பல், வெட்டே ஆஷ்னு பேரு, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகளா ஸ்காட்லாந்து ஏரிச் சேத்துல கிடைக்குது. க்ரீன்லாந்து ஐஸ்லயும் இருக்கு, அதனால தேதி கெட்டி. ஐஸ் எல்லைக்கு வெளிய இருக்கற ஏரியில இந்தச் சாம்பல் இருந்து, எல்லைக்கு உள்ள இருக்கற ஏரியோட அடி வரைக்கும் தோண்டியும் இல்லைன்னா, சாம்பல் விழுந்தப்போ அங்க இன்னும் ஐஸ் இருந்ததுன்னு நினைக்கலாம். ஆனா சாம்பல் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி விழாது, அதனால ஒரு ஏரியில இல்லைங்கறதை வச்சு முடிவு கட்ட முடியாது, பக்கத்துல நிறைய ஏரி பாக்கணும்.