லிஃப்ட் ராடு கழற்றியபின் டிஸ்கவரி 3 ஒரு பக்கம் சாய்கிறது

வண்டி லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, 2008 மாடல், 2.7 டீசல். இருப்பது மெல்போர்னில். காற்று சஸ்பென்ஷன். முந்தைய உரிமையாளர் நான்கு உயர சென்சார்களிலும் லிஃப்ட் ராடு (சென்சாரை ஏமாற்றி வண்டியை உயர்த்தி நிறுத்தும், அளவு மாற்றிய இணைப்புக் கம்பி) போட்டிருந்தார். எனக்குப் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம்தான், அவ்வளவு உயரம் தேவையில்லை. போன மாதம் ஒரிஜினல் அளவு ராடுகளை மாட்டினேன். அன்றிலிருந்து நார்மல் உயரத்தில் முன் இடது மூலை வலதை விட 20 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. ஆஃப்ரோடு உயரத்துக்கு ஏற்றினாலும் அதே வித்தியாசம்.

சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், காற்றுக் கசிவு இல்லை. இரவு முழுக்க நிறுத்தினாலும் இறங்கவில்லை. முன்பக்க ராடுகளை இடம் வலம் மாற்றிப் போட்டேன், தாழ்வது அதே மூலைதான். சென்சார் கை புரண்டு நிற்கவில்லை, பிளக்கும் சுத்தம். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். அதனால் பலன் இருக்காது என்று தெரியும், இருந்தாலும் ஒரு நப்பாசை.

ஸ்கேனரில் இடம், வலம் இரண்டும் ஒரே உயரம் காட்டுகிறது. டேப் வைத்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஒரு பட்டறையில் ஏர் ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னார்கள். காற்று நிற்கும்போது அது எதற்கு? லிஃப்ட் ராடு இருந்தபோது யாரோ காலிபரேஷனையும் (வண்டியின் கணினியில் பதிந்திருக்கும் உயர அளவீட்டையும்) மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

காலிபரேஷன் செய்யும் கருவி கையில் இருக்கிறது. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நார்மல் உயரத்தில் முன்னும் பின்னும் எத்தனை மி.மீ. வைக்க வேண்டும்?