மறு: ‘ஏஜிசம்’ (ageism, வயதைக் காட்டி ஆளை ஒதுக்குவது) – வேலைக்கு ஆள் எடுப்பதில் நடப்பதற்குத் தமிழில் தனிச்சொல் வேண்டாமா?

> ‘மூப்புப் பாகுபாடு’ என்று வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

தஞ்சாவூர் ஐயாவுக்கு வணக்கம். நம் பக்கத்தில் மூப்பு என்றதும் நினைவுக்கு வருவது பதிவு மூப்பும் பணி மூப்பும்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் நாம். மூப்பு நமக்குக் கைமுதல். ‘மூப்புப் பாகுபாடு’ என்றால் பதவி உயர்வுப் பட்டியலில் ஏதோ தகராறு என்றுதான் அரசு ஊழியர் நினைப்பார்.

> அப்படியானால் ‘முதியோர் புறக்கணிப்பு’?

1969இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் ஏஜிசம் என்ற சொல்லை உருவாக்கியபோது முதியவர்களைத்தான் நினைத்தார். மென்பொருள் வேலையில் அடிபடுகிறவருக்கோ நாற்பது, நாற்பத்திரண்டு. வேலையில் வயது பார்ப்பதைத் தடுக்கும் அமெரிக்காவின் 1967ஆம் ஆண்டுச் சட்டமே 40 வயதிலிருந்து காப்புத் தருகிறது. ஆள் எடுப்பதில் வயது பார்த்ததாகத் தொடுக்கப்பட்டு, 2019இல் கூகுள் 1.1 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்ட வழக்கும் (தவறை ஒப்புக்கொள்ளவில்லை) 40 தாண்டிய 227 பேர் சம்பந்தப்பட்டது. மன்னார்குடியில் நாற்பது வயதுக்காரரை முதியவர் என்றால் அவர் அம்மாவே சண்டைக்கு வருவார்.

‘வயது விலக்கு’ அறவே கூடாது. வரிவிலக்கு போல, ஏதோ சலுகை கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

நான் கடையில் பயோடேட்டா அடித்துக் கொடுக்கிறவன். சென்னையில் வேலை போய் ஊர் திரும்பியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, “டிகிரி இருக்கட்டும் தம்பி, பாஸ் அவுட் வருஷத்தை எடுத்துடுங்க” என்றார். எடுத்தேன். முதல் இரண்டு கம்பெனிகளையும் தூக்கச் சொன்னார். இருபது வருஷ அனுபவம் எட்டாகச் சுருங்கியது. பிறகு விண்ணப்பப் படிவத்தைத் திறந்தால், பிறந்த தேதியைக் கேட்கவே இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி ஆண்டைக் கேட்டது, அதுவும் கட்டாயக் கட்டம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது.

இதற்குத்தான் சொல் வேண்டும் என்கிறேன். ‘வயதுப் பாகுபாடு’ சட்டச் சொல்லாக இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. (நம் அரசியலமைப்பின் 16(2), அரசு வேலையில் மதம், சாதி, பால், பிறப்பிடம் முதலியவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது, அந்தப் பட்டியலில் வயது இல்லை.) ஆனால் யாரும் முகத்துக்கு நேரே மறுக்காமல், ஆண்டை வைத்துக் கணக்குப் போட்டுச் சத்தமில்லாமல் ஆளைத் தள்ளுவதற்கு ‘வயதுக்கழிப்பு’ என்பேன். ‘வயசைக் காட்டிக் கழிச்சுக் கட்டிட்டாங்க’ என்று ஏற்கெனவே பேசுகிறோம். நெல் தூற்றும்போது கருக்காயைக் கழிப்பார்கள். இங்கே மணியையும் சேர்த்துக் கழிக்கிறார்கள்.

> கழிப்பறைதான் நினைவுக்கு வருகிறது தம்பி. ‘வயது வடிகட்டல்’ போதாதா?

கும்பகோணம் அம்மாவுக்கு: வடிகட்டல் பொதுச்சொல். தகுதியை வைத்து வடிகட்டுவது நியாயம்தானே? ‘கழிப்பு’ என்றால்தான் அநியாயம் நடந்தது தெரிகிறது. பெயர்ச்சொல் உறுத்தினால் வினையாகவே ஆளலாம்: ‘வயதால் கழித்தார்கள்’, ‘வயதால் கழிக்கப்பட்டவர்’. அகராதித் தலைச்சொல்லுக்கு மட்டும் வேறு வடிவம் இருந்தால் சொல்லுங்கள். ‘அகவை’ வேண்டாம், பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு வெளியே அதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

– மன்னார்குடியிலிருந்து