தாத்தாவின் வாளுக்கு ஓர் உறை: இரண்டு முயற்சி, ஒரு வருடம்

சாயல்குடியிலிருந்து

எங்கள் வீட்டில் ஒரு வாள் இருக்கிறது. தாத்தா சாமியாடியாக இருந்தவர். அவர் கையில் இருந்தது. அலகு 28 அங்குலம், இலேசான வளைவு, முனை எப்போதோ மழுங்கிவிட்டது. ஆண்டில் இரண்டு முறைதான் வெளியே வரும். ஆயுத பூசைக்கு ஒரு முறை, குலதெய்வத்துக்கு எடுக்கும் மாசிக் களரித் திருவிழாவுக்கு ஒரு முறை.

போன வருடம் ஆயுத பூசைக்காகப் பரணிலிருந்து இறக்கினேன். உறையின் தோல் கருவாடு போலச் சுருண்டிருந்தது. உள்ளே மரம் கறையான் தின்று மாவாகிக் கிடந்தது. வாளை இழுத்தால் பாதி உறையும் கூடவே வந்தது. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “சாமியைச் சட்டையில்லாமல் உட்கார வைக்காதேடா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் ஒன்றைச் சொன்னால் இரண்டாம் முறை சொல்ல மாட்டார். செய்து முடிக்கும் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இணையத்தில் விற்பவை பெரும்பாலும் கல்யாண மாப்பிள்ளை இடுப்பில் கட்டும் வாளுக்கான வெல்வெட் உறைகள். உள்ளே வெறும் அட்டை. அளவு சொல்லிச் செய்து வாங்கலாம் என்று ஒரு கடையில் விசாரித்தேன். 9,000 ரூபாய் என்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வாளைக் கூரியரில் அனுப்பி வையுங்கள் என்றார்கள்! சாயல்குடியில் எந்தக் கூரியர்காரர் அதைக் கையில் வாங்குவார்?

வாளைத் தூக்கிக்கொண்டு நானே ஊர் ஊராக அலையவும் முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வாள் வாள்தான். சமையலுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்த கத்திகளுக்குக் கிடைக்கும் விலக்கு அதற்குக் கிடையாது. போதாக்குறைக்கு எங்கள் மாவட்டத்தில் பல ஆண்டுகளாகச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தடையுத்தரவு போடுகிறார்கள். ஆயுத பூசை வருவதும் அப்போதுதான். வேட்டியில் சுற்றி பஸ்ஸில் மேல்தட்டில் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்ன நண்பனை அதற்குப் பிறகு எதற்கும் யோசனை கேட்பதில்லை.

இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போனால் ஏதாவது புரியும் என்று ஒரு நாள் போனேன். வாளும் வளரியும் கண்ணாரப் பார்க்கலாம். ஆனால் உறையைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் அதன் உள்பக்கத்தில் இருக்கிறது. அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வழியில்லை.

வழி மூக்கையூரில் கிடைத்தது. அங்கே வள்ளம் கட்டும் ஓடாவி ஒருவரை அப்பாவுக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவேயில்லை. “தம்பி, வள்ளத்துக்கு விலா மாதிரி நிற்கும் வங்குக்கால் அறுக்கும்போது அச்சு வைத்துத்தான் அறுக்கிறோம். நீங்கள் வாளைக் கொண்டுவர வேண்டாம், அதன் அச்சைக் கொண்டு வாருங்கள்.” வீட்டில் வாளை அட்டையில் கிடத்தி ஓரமாகக் கோடு போட்டேன். பிடியிலிருந்து நான்கு அங்குலத்துக்கு ஒரு முறை தடிமனையும் எழுதினேன்: பிடி அருகே 5 மில்லிமீட்டர், நுனியில் 2. அதை வைத்து அவர் மரத்தில் ஒரு வாள் இழைத்தார். இனி எங்கே போனாலும் அந்த மரவாள் போதும். இந்த ஒரு காரியம்தான் செலவைப் பாதியாகக் குறைத்தது என்பேன்.

அடுத்துச் செய்தது என் புத்திசாலித்தனம். அவர் பட்டறைக்கு வெளியே உடைத்துப் போட்ட பழைய வள்ளத்தின் பலகைகள் கிடந்தன. சும்மா கிடப்பதை ஏன் விட வேண்டும்? “உப்பு ஏறிய பலகை, வேண்டாம் தம்பி” என்று அவர் இரண்டு முறை சொன்னார். காய்ந்துதானே கிடக்கிறது என்று நான் கேட்கவில்லை. 600 ரூபாய் கூலியில் மாசிக் களரிக்குள் உறை தயாராகிவிட்டது. பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது.

களரி முடிந்து ஐந்து வாரம் கழித்து வாளை உருவினேன். கரகரவென்று சத்தம். உள்ளங்கை முழுக்கச் செங்கல் பொடி போலத் துரு. அலகில் வரிசையாக அரையணாக் காசு அளவுக்குக் கறைகள், சரியாக ஒரு சாண் இடைவெளியில். பலகையில் பழைய ஆணி அடித்திருந்த இடங்கள் அவை. உறையின் வாயில் ஒரு சிம்பை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. எத்தனை வருடம் கடலில் கிடந்த மரமோ! எங்கள் ஊர்க் காற்றே வாலிநோக்கம் உப்பளத்தைத் தாண்டி வரும் காற்று. அது போதாதென்று வாளை உப்புப் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறேன். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரும்புக்கு அதைவிட வேறு பகை வேண்டாம்.

துருவைத் தேங்காய் நாரும் மண்ணெண்ணெயும் வைத்து இரண்டு நாள் தேய்த்தேன். பெரியம்மா புளியோடு வந்தார். புளி பித்தளைக்குச் சரி. இரும்பில் துருவை எடுத்தாலும் புளிப்பு எங்காவது தங்கிவிட்டால் மறுபடி அரிக்கும். எண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகக் கெட்டுவிடுகிறது. தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயே போதும்.

இரண்டாம் முறை மரத்துக்காகக் காரைக்குடிக்குப் போனேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பித்தளை அண்டா, ரவிவர்மா படம் இவற்றுக்கு நடுவே செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றிய சன்னல் சட்டங்களும் கிடக்கும். ஒரு பக்கம் செதில் பெயர்ந்திருந்த பர்மா தேக்குச் சட்டம் ஒன்றை 350 ரூபாய்க்குப் பேசி எடுத்தேன். வீட்டுக்குள்ளேயே தலைமுறைக் கணக்கில் உலர்ந்த மரம். தேக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசை இரும்பை அரிக்காது. ஐரோப்பியர் கப்பல் கட்ட ஓக் மரத்தை விட்டுத் தேக்கைத் தேடி இந்தப் பக்கம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஓக்கில் துவர்ப்பு அதிகம், ஆணியைத் தின்றுவிடும்.

ஓடாவி மரத்தை முகர்ந்து பார்த்தார். “இதை முதலிலேயே கொண்டுவந்திருக்கலாம்” என்றதோடு விட்டுவிட்டார், அவர் பெருந்தன்மை. சட்டத்தை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒவ்வொரு பாதியிலும் அலகின் பாதித் தடிமனுக்கு உளியால் குடைந்தார். பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மரவாளில் பூசி, இரண்டு பாதிக்கும் நடுவே வைத்து அழுத்தி எடுத்தார். கரி ஒட்டிய இடமெல்லாம் இடிக்கிற இடம். அங்கே மட்டும் ஒரு சீவல். மறுபடி கரி, மறுபடி சீவல். பதினொரு முறை எண்ணினேன். கடைசியில் அந்தப் பாதிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து உண்மையான வாளில் கரி பூசிப் பார்த்தேன். இன்னும் மூன்று இடம் தட்டியது. குறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உறை வாளைப் பிடிக்க வேண்டியது வாயோரத்தில் இரண்டு அங்குலம் மட்டும்தான். மீதி நீளம் முழுக்க அலகு எதையும் தொடாமல் நிற்க வேண்டும். அப்படி அமைந்தால் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது, இழுத்தால் முனகாது.

ஜப்பானில் வாளுறையை ஒரு வகை மக்னோலியா மரத்தில் செய்து, சோற்றுப் பசையால்தான் ஒட்டுகிறார்கள். உள்ளே துரு கண்டால் பிளந்து துடைத்துவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். ஓடாவியிடம் சொன்னேன். “நம் ஊரில் சோற்றில் ஒட்டினால் எலி வந்து பிளந்து கொடுக்கும்” என்றார். ஃபெவிகாலில்தான் ஒட்டினோம். கயிற்றால் இறுக்கிக் கட்டி இரண்டு நாள், அவிழ்த்து நிழலில் ஒரு வாரம். பசையின் ஈரம் போகும் முன் வாளைச் செருகக்கூடாது.

தோல், திண்டுக்கல்லில் வேலை பார்க்கும் மைத்துனர் வாங்கி வந்தார், 500 ரூபாய். ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோலாக இருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே செருப்புத் தைக்கும் பெரியவர் அதன் ஓரத்தை ஒரு நறுக்கு நறுக்கி என்னிடம் காட்டினார். “வெட்டு வாய் முழுக்கப் பழுப்பாக இருக்கிறதா ஐயா? நல்ல தோல். குரோமில் போட்டதென்றால் நடுவில் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம் தெரியும்.” நனைத்து மரத்தின் மேல் இழுத்து, பின்பக்கம் நடுவே மெழுகு நூலால் தைத்தார். அவருடைய மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பது வழக்கமாம். அதை மட்டும் வேண்டாம் என்றேன். துத்தம் தாமிரச் சத்து, இரும்பில் பட்டால் அரிக்கும். தையல் கூலி 300.

வாய்க்கும் நுனிக்கும் பித்தளைப் பூண்கள், சாமிக்குக் கவசம் அடிக்கும் பரமக்குடிப் பட்டறையில், 450. உலக்கைக்குப் பூண் போடுவது போலத்தான். நுனிக்கு மட்டும் குப்பி மாதிரி மூடிய பூண். ஓடாவிக்கு இந்த முறை 1,000. ஆக 2,600. என் புத்திசாலித்தனத்துக்கு ஆன 600ஐத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

பரமக்குடியிலிருந்து, சிலம்பம் கற்றுக்கொடுப்பவர்

உங்களுடையது சாமி வாள், செலவழிக்கலாம். என்னிடம் இருபது பிள்ளைகள், இருபது பயிற்சி வாள்கள். நாங்கள் தண்ணீர்க் குழாய்க்கான பிவிசி பைப்பில் உறை செய்கிறோம். மணலை வாணலியில் சுட வைத்துப் பைப்புக்குள் கொட்டினால் இளகிவிடும். மணலைத் தட்டிவிட்டு, மரவாளை உள்ளே விட்டு இரண்டு பலகைக்கு நடுவே மிதித்தால் தட்டையாகிவிடும். நேராகத் தீயில் காட்டாதீர்கள். கருகினால் வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும். ஓர் உறைக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. குறை ஒன்று உண்டு. வியர்த்த கையோடு ஆடிவிட்டு அப்படியே செருகினால் ஈரம் வெளியேற வழியில்லை. துடைக்காத பிள்ளையின் வாள் எது என்று வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும்.

தங்கச்சிமடத்திலிருந்து

தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் நான் நான்கு வருடமாக உரோமைப் போர்வீரன். தகர வாள். உறை பனைமட்டையில். பச்சை மட்டையின் இரண்டு பக்கக் கருக்கையும் சீவிவிட்டால் நடுவில் இயற்கையாகவே பள்ளம் இருக்கிறது. இரண்டு மட்டையை எதிரெதிரே வைத்துக் கட்டினால் உறை. செலவு பூஜ்யம். ஒரு வருடம் சரியாகக் காயாத மட்டையைக் கட்டிவிட்டேன். கெத்சமனித் தோட்டத்தில் வாளை உருவ வேண்டிய நேரத்தில் மட்டை சுருங்கி வாளைக் கவ்விக்கொண்டது. உறையோடு சேர்த்தே ஓங்கினேன். முன்வரிசையில் ஆயாக்கள் சிரித்துவிட்டார்கள்.

கமுதியிலிருந்து

எங்களுடையது கருப்பசாமிக்கு நேர்ந்த வீச்சரிவாள். நுனிப்பக்கம் அகலம், பிடிப்பக்கம் குறுகல். மூடிய உறைக்குள் அது எந்தக் காலத்திலும் போகாது. மூன்று பேரிடம் கொடுத்து மூன்று பேரும் கைவிட்ட பிறகு முதுகுப்பக்கம் முழுக்கத் திறந்த உறையாகச் செய்து, இரண்டு தோல் வாரும் பித்தான்களும் வைத்தோம். பக்கவாட்டில் படுக்க வைத்து மூடுகிற மாதிரி. அளவெடுக்கும்போது நீளத்தைவிட முதலில் எந்த இடம் அகலம் என்று பாருங்கள்.

கீழக்கரையிலிருந்து

வாப்பாவின் வாப்பா வைத்திருந்த பிச்சுவாக் கத்தி ஒன்று எங்கள் பெட்டகத்தில் இருந்தது. உம்மா பத்திரமாக இருக்கட்டும் என்று தோலுறையோடே வைத்துவிட்டார். திறந்து பார்த்தபோது பித்தளை ஆணிகளைச் சுற்றிப் பச்சையாக மெழுகு போலப் பூத்திருந்தது, அலகில் குழிகள். தோலில் இருக்கும் கொழுப்பும் பித்தளையும் சேர்ந்தால் அந்தப் பச்சை வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. அண்ணன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறீர்கள், ஒன்று மட்டும் கேட்கிறேன். வாளை வருடம் முழுக்க அந்த உறைக்குள்ளேயா வைக்கப் போகிறீர்கள்?

சாயல்குடியிலிருந்து

கமுதிக்காரர் சொன்னது எனக்குத் தோன்றவே தோன்றாத விஷயம், நன்றி. தங்கச்சிமடத்துப் போர்வீரரே, அடுத்த பாஸ்காவுக்கு முன்வரிசையில் எனக்கும் ஓர் இடம் போட்டு வையுங்கள்.

கீழக்கரைச் சகோதரிக்கு: உள்ளே வைப்பதில்லை. உறை விசேஷ நாளுக்கு. மற்ற நாளெல்லாம் வாள் எண்ணெய் பூசிய பருத்தித் துணியில் அலமாரியின் மேல்தட்டில் படுத்திருக்கிறது. மழை தொடங்கும் ஐப்பசியிலிருந்து வாரம் ஒரு முறை பிரித்துத் துடைக்கிறேன். இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது, “சட்டை தைத்து ஆணியில் மாட்டவா இத்தனை அலைச்சல்?” என்று கேட்டுவிட்டு, மறுநாள் தாத்தாவின் பழைய காசித்துண்டைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது வாள் அதில்தான் இருக்கிறது.

உறை பூசை அறைச் சுவரில் தொங்குகிறது. வெறுமனே தொங்கவிடுபவர்கள் அதன் வாயில் கொஞ்சம் துணி அடைத்து வையுங்கள். நேற்றுக் காலை பார்த்தால் ஒரு குளவி ஈரமண்ணை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போய்விட்டு வெறும் வாயோடு திரும்பி வருகிறது.